பயத்தை விற்காமல் வேலைக்குக் கூலி கேளுங்கள்

நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரை இணையத்தில் வாங்குகிறவர் தன் உயிரோடு விளையாடுகிறார், கூடவே ஊர்க்கடையின் கழுத்தையும் நெரிக்கிறார் என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. அமெரிக்காவில் ஸ்கூபா கடை நடத்தும் ஒருவரின் ஆதங்கம் அது. ஆதங்கம் உண்மையானது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதும் உண்மை. ஆனால் அந்த ஆதங்கத்தின் மேல் அவர் எழுப்பியிருக்கும் வாதம் பொய். அதில் ஒரு பகுதி ஆபத்தானதும்கூட.

அவர் சொல்வது இவ்வளவுதான். தபாலில் வரும் உயிர்காக்கும் கருவியை நம்ப முடியாது. கடையில் போட்டுப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவது திருட்டு. ஆகவே தயாரிப்பு நிறுவனங்களே ஒரு விலையை நிர்ணயித்து, அதற்குக் கீழே யாரும் விற்கவிடாமல் தடுக்க வேண்டும்; அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைச் சரியென்று சொல்லிவிட்டது. புளோரிடாவில் வாழ்கிறவன் நான். அங்குள்ள ஒரு கடையில்தான் டைவிங் கற்றேன். இன்றும் ஊர்க்கடைகளில்தான் சிலிண்டருக்குக் காற்று நிரப்பிக்கொள்கிறேன். இந்தக் கடைகள் பிழைக்க வேண்டும் என்று மனதார விரும்புவதால்தான் இதை எழுதுகிறேன். கட்டுரையாளர் காட்டும் வழியில் போனால் அவை பிழைக்கமாட்டா.

பயத்திலிருந்து தொடங்குகிறேன். அவருடைய வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9, 10 பார் அதிகம் என்ற அளவுக்கு ரெகுலேட்டரின் முதல் நிலை குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை அதை நாம் மூச்சிழுக்கும் அழுத்தத்துக்கு இறக்கித் தருகிறது. 1943-ல் கூஸ்தோவும் கக்னானும் பிரான்சில் செய்துகாட்டிய கருவியின் வழித்தோன்றல் இது. இன்று விற்கும் பெயர்பெற்ற ரெகுலேட்டர்கள் தொழிற்சாலையிலேயே கோத்து, அளவு வைத்து, சோதித்து வெளியே வருகின்றன. நியூயார்க்கில் இருக்கும் இணையக் கடையின் கிடங்குக்குப் போகும் பெட்டியும் புளோரிடாவின் கீ லார்கோவில் இருக்கும் டைவ் கடைக்குப் போகும் பெட்டியும் ஒரே வரிசையில் செய்தவை. கடைக்கும் அது தபாலில்தான் வருகிறது.

கடையில் வாங்கினால் நாங்கள் சோதித்துத் தருவோம் என்கிறார் கட்டுரையாளர். சில கடைகள் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். முதல் நிலையில் அளவுமானியைப் பொருத்தி, இடைநிலை அழுத்தம் மெல்ல ஏறுகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். எவ்வளவு இழுத்தால் வால்வு திறக்கிறது என்று அளப்பார்கள். குழாயின் நீளத்தை நம் உடலுக்கு ஏற்ப மாற்றித் தருவார்கள். அது கைத்தொழில், அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, பிரிக்காமலேயே ரசீதோடு கையில் தரும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். கோத்துச் சோதித்து அனுப்பும் இணையக் கடைகளும் இருக்கின்றன. புளோரிடாவின் பொம்பானோ பீச்சில் இருக்கும் டைவ் கியர் எக்ஸ்பிரஸ் போன்ற ஒன்றை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? அது ஊர்க்கடையும்தான், இணையக் கடையும்தான். கருவி சரியாக இருப்பது அதைக் கையாளும் ஆளின் நேர்மையைப் பொறுத்தது. அவர் கடைவாசலில் நிற்கிறாரா, கிடங்கில் நிற்கிறாரா என்பதில் ஒன்றுமில்லை.

பயமுறுத்துகிறவர் கணக்குக் காட்ட வேண்டும். கட்டுரையாளர் ஒரு எண்ணைக்கூடக் காட்டவில்லை. டைவிங் மரணங்களைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்துவரும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 947 மரணங்களை அலசினார்கள். விபத்து எதில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 விழுக்காடு காற்று போதாமல் போனதில் தொடங்கியது. 20 விழுக்காடு எதிலோ சிக்கிக்கொண்டதில். கருவிப் பிரச்சினையில் தொடங்கியது 15 விழுக்காடு. காற்று தீர்ந்துபோவதற்கும் கருவியை எங்கே வாங்கினோம் என்பதற்கும் தொடர்பே கிடையாது. அளவுமானியைப் பார்க்கும் பழக்கமும் பயிற்சியுமே அங்கே கேள்வி. அந்த 15 விழுக்காட்டைக் குறைக்க ஒரு வழி, கருவியைக் காலாகாலத்தில் பிரித்துச் சுத்தம் செய்து ஓ-ரிங்குகளை மாற்றுவது. அதாவது சர்வீஸ்.

அந்தச் சர்வீஸைத்தான் இந்தக் கடைகளில் சில மறுக்கின்றன.

இணையத்தில் வாங்கிய ரெகுலேட்டரை நான் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அதே நிறுவனத்தின் கருவிகளை அவர்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்ற மெக்கானிக் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். உதிரிபாகம் இருந்தது. முழுக் கூலியும் தருகிறேன் என்று சொன்னேன். எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, டைவர்கள் பலரும் சொல்வது. கட்டுரையாளரும் தன் கடையில் இதே வழக்கம் என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். அவரிடம் நேரடியாகக் கேட்கிறேன்: அந்தக் கருவி ஆபத்தானது என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால், அதைச் சரிபார்க்காமல் திருப்பிக் கொடுத்து ஒரு மனிதரைக் கடலுக்கு அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நம்பவில்லை என்றால், ஊரெல்லாம் ஏன் பயமுறுத்துகிறீர்கள்? இரண்டில் எதைச் சொன்னாலும் உங்கள் வாதம் அதோடு முடிகிறது.

உத்தரவாதத்தையும் அவர் இதோடு போட்டுக் குழப்புகிறார். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் சட்டப்படி செல்லும். அது வணிக ஏற்பாடு. அந்தத் தாள் இல்லாததால் வால்வின் ஸ்பிரிங் பலவீனமாகிவிடாது. நியூயார்க்கின் லெஷர்ப்ரோ என்ற கடை, நிறுவனங்களின் அங்கீகாரம் இல்லாமலே பல பிராண்டுகளை விற்று, தன் சொந்த உத்தரவாதத்தைத் தந்து நெடுங்காலம் வியாபாரம் செய்தது. அந்தக் கருவிகளோடு எத்தனையோ பேர் கடலுக்குள் போய் மேலே வந்திருக்கிறார்கள்.

கடை நம் உயிரைக் காக்கும் இடம் ஒன்று உண்மையில் இருக்கிறது. அது கண்ணாடி அலமாரி இருக்கும் முன்பக்கத்தில் இல்லை. பின்கட்டில், கம்ப்ரசர் ஓடும் அறையில் இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு பத்திகூட எழுதாதது எனக்கு மிகுந்த வியப்பு. அமெரிக்காவில் டைவிங் காற்றுக்கு வழக்கமாகப் பின்பற்றும் கிரேடு ஈ தரத்தின்படி கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் இவ்வளவு கறார்? 30 மீட்டர் ஆழத்தில் நாம் சுவாசிக்கும் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. மேலே பத்தாக இருந்தது அங்கே நாற்பதாக உடலில் வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. கம்ப்ரசரின் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானாலோ, காற்று உள்ளே போகும் குழாய் பக்கத்தில் ஒரு வண்டி புகைவிட்டுக்கொண்டு நின்றாலோ போதும், அது காற்றில் கலந்துவிடும். வடிகட்டிகளை நேரத்துக்கு மாற்றுவதும், காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பதும், ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வதும் யார் கண்ணுக்கும் தெரியாத உழைப்பு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்த முத்திரை இல்லாத சிலிண்டரை நல்ல கடை நிரப்பாது. ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, உள்ளே விளக்குப் போட்டுத் துருவும் விரிசலும் பார்ப்பது டைவிங் தொழிலே தனக்கு வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிப்பவர்களைத் தூத்துக்குடிப் பக்கம் பார்த்தவர்களுக்கு, காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் எதையும் எந்த இணையக் கடையும் வீட்டுவாசலில் கொண்டுவந்து இறக்க முடியாது. ஊர்க்கடையின் அசைக்க முடியாத பலம் இது. அந்தக் காற்றுக்குக் கடைகள் வாங்கும் விலை என்ன? பெரும்பாலான ஊர்களில் சில டாலர்கள். கம்ப்ரசருக்குப் போட்ட முதலையும், வடிகட்டியையும், மின்சாரத்தையும், ஆள்கூலியையும் சேர்த்துப் பார்த்தால் அது கட்டுப்படியாகாத விலை என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். பயிற்சி வகுப்பும் அப்படித்தான். பக்கத்துக் கடையைவிட மலிவாகத் தர வேண்டும் என்று போட்டி போட்டுக் குறைத்துக்கொண்டே போனார்கள். அந்த நட்டத்தை எங்கே ஈடுகட்டுகிறார்கள்? மொத்த விலையை இரட்டித்து ஒட்டிய ரெகுலேட்டரிலும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடியிலும், வெட்சூட்டிலும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. கூஸ்தோவும் கக்னானும் செய்த அக்வாலங் கருவி அமெரிக்காவுக்கு வந்தது லாஸ் ஏஞ்சலிஸில் ரெனே பூசோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த விளையாட்டுப் பொருள் கடை வழியாக. அந்தக் கடைதான் பிறகு யு.எஸ். டைவர்ஸ் நிறுவனமானது. 1966-ல் பாடி என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஜான் குரோனின், யு.எஸ். டைவர்ஸின் விற்பனைப் பிரதிநிதி. மற்றவர் நீச்சல் ஆசிரியர் ரால்ஃப் எரிக்சன். பயிற்சியைப் படிப்படியாகப் பிரித்து, சாதாரண மனிதர்களும் கற்கும்படி செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பும் விற்பனையும் அன்றிலிருந்தே ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்துகின்றன. வகுப்பு வாடிக்கையாளரைக் கொண்டுவரும், கருவி லாபத்தைக் கொண்டுவரும் என்ற கணக்கில்தான் கடைகள் எழுந்தன. இணையம் வந்து கருவியின் மலிவான விலையை ஊரறியச் செய்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. கட்டுரையாளர் துரோகம் என்று சொல்வது இந்த உடைப்பைத்தான். தன் உழைப்புக்கு உரிய விலையைச் சொல்லாமல் வேறொரு பொருளின் விலைக்குள் மறைத்து வைத்தவர், அந்தப் பொருளை வேறிடத்தில் வாங்கியவர்மேல் கோபப்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த ஏற்பாட்டில் மிகவும் அடிபடுகிறவர்கள் பயிற்சியாளர்கள். அவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. பல கடைகளில் பயிற்சியாளருக்கு நிலையான சம்பளம் கிடையாது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை, கருவி விற்றுக்கொடுத்தால் அதில் கமிஷன். முதல் வகுப்பிலேயே மாஸ்க்கும் துடுப்பும் இங்கேதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். நான்காவது வகுப்பில் வாடகை ரெகுலேட்டரில் எத்தனை பேர் வாய் வைத்திருப்பார்கள் தெரியுமா என்று பேச்சு வருகிறது. முதன்முறையாகத் தண்ணீருக்கடியில் மூச்சுவிடப் போகிற மாணவருக்குத் தன் ஆசிரியர் சொல்வதை எடைபோட எந்த அனுபவமும் இல்லை. நெஞ்சு படபடக்க அவர் சொல்வதை அப்படியே நம்புகிறார். அந்த நம்பிக்கை விற்பனைக்குப் பயன்படுகிறது. நல்ல பயிற்சியாளர்கள் இதை வெறுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் என் நண்பர்கள். நாள் முழுக்கக் குளத்தில் நனைந்து, இன்னொரு மனிதரின் பயத்தைப் பொறுமையாகக் கரைக்கும் வேலைக்கு நேரடியாகக் கூலி கிடைத்தால் அவர்கள் எதையும் விற்கத் தேவையில்லை. கருவிக்கு விலைத்தரை கேட்கும் கட்டுரையாளர் பயிற்சியாளரின் கூலிக்கு ஒரு தரை கேட்கவில்லை.

கடையில் ஒரு மணி நேரம் வெட்சூட் போட்டுப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநாகரிகம், அதில் கட்டுரையாளரோடு எனக்கு வேறுபாடு இல்லை. வெட்சூட்டும் பிசிடியும் உடலில் பொருந்த வேண்டியவை. படத்தைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றமே. அப்படியானால் அளவு பார்த்துத் தருவதற்கு ஒரு கட்டணம் வையுங்கள். இங்கேயே வாங்கினால் அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இலவசமாகத் தந்துவிட்டு இலவசமாக வாங்கிக்கொண்டான் என்று திட்டுவது முறையல்ல. வரி கட்டாமல் விற்கிறார்கள் என்ற பழைய குறை ஒருகாலத்தில் நியாயமானதுதான். 2018-ல் சவுத் டகோடா மாநிலம் வேஃபேர் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு வெளிமாநில இணையக் கடைகளிடமும் மாநிலங்கள் விற்பனை வரி வசூலிக்க முடிகிறது. கட்டுரையாளர் இன்னும் அந்தக் குறையையே எழுதிக்கொண்டிருக்கிறார்.

இனி விலைத்தரை. இந்தியாவில் பொட்டலத்தின்மேல் அச்சடிப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்றால்தான் குற்றம். கட்டுரையாளர் கேட்பது நேர் எதிரானது. டைவிங் தொழிலில் இதன் மென்மையான வடிவம் ஏற்கெனவே இருக்கிறது: குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்று நிறுவனங்கள் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்துகின்றன. கூடையில் போட்டால்தான் விலை தெரியும் என்று சில தளங்கள் எழுதிவைப்பது இதனால்தான். கட்டுரையாளருக்கு அது போதவில்லை, விற்கும் விலையையே கட்டிப்போட வேண்டும் என்கிறார். அதற்கு 2007-ல் வந்த லீஜின் தீர்ப்பைச் சாட்சிக்கு அழைக்கிறார். தீர்ப்பை அவர் படித்திருந்தால் அழைத்திருக்கமாட்டார்.

உற்பத்தியாளர் குறைந்தபட்ச விற்பனை விலையை நிர்ணயிப்பது எந்த நிலையிலும் சட்டவிரோதம் என்று 1911-ல் டாக்டர் மைல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1937-ல் நாடாளுமன்றம் மாநிலங்களுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. 1975-ல் அதைத் திரும்பப் பெற்றது. 2007-ல் லீஜின் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் டாக்டர் மைல்ஸ் விதி கைவிடப்பட்டது. ஆனால் நீதிமன்றம் விலைத்தரை நல்லது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் நன்மை தீமைகளை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. கடையில் பார்த்துவிட்டு வேறிடத்தில் வாங்குவது என்ற பிரச்சினை, கடைகளின் முதலீட்டையே தடுக்கும் அளவுக்கு எத்தனை முறை பெரிதாகிறது என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரேயர் கேட்டார். மேரிலாந்து மாநிலம் 2009-லேயே சட்டம் போட்டு இத்தகைய விலைக்கட்டைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது மிகக் கடுமையான மீறல்களில் ஒன்று. இந்தியாவிலும் விநியோகஸ்தர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 2021-ல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அந்த லீஜின் வழக்கில் தள்ளுபடி கொடுத்துச் சிக்கிக்கொண்டது யார்? இணையத்தின் பெருநிறுவனமா? டெக்சாஸின் லூயிஸ்வில் ஊரில் இருந்த கேய்ஸ் கிளாசட் என்ற பெண்கள் உடைக்கடை. பிரைட்டன் பிராண்டுப் பொருள்களை 20 விழுக்காடு தள்ளுபடியில் விற்றார்கள். சுற்றியிருந்த கடைகளோடு போட்டி போட அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்றார்கள். நிறுத்தச் சொன்னது அந்தப் பிராண்டின் உரிமையாளரான லீஜின் நிறுவனம், மறுத்தார்கள், சரக்கு நின்றது. ஒருகாலத்தில் அந்தக் கடையின் லாபத்தில் 40 முதல் 50 விழுக்காடு அந்தப் பிராண்டிலிருந்து வந்தது. கட்டுரையாளர் தன் பாதுகாப்புக்கு அழைக்கும் தீர்ப்பின் மறுபக்கத்தில் நின்று தோற்றது அவருடையதைப் போன்ற ஒரு சின்ன ஊர்க்கடை. விலையைக் கட்டும் சாட்டையை நிறுவனத்தின் கையில் கொடுத்தால் அது யார் முதுகில் விழும் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். கடை மூடப்போகிறது, இருப்பில் இருக்கும் பழைய பிசிடிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வாடகை கட்ட வேண்டும் என்ற நிலை அவருக்கே வந்தால், அவர் கேட்ட தரை அவரைத்தான் முதலில் தடுக்கும்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பல பிராண்டுகள் சர்வீஸ் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் தங்கள் பிராண்டை விற்கும் கடைக்கு மட்டுமே தருகின்றன. அந்தப் பிராண்டைத் தொடர்ந்து விற்க ஆண்டுக்கு இவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் சேர்ந்துவருகிறது. விற்காத சரக்கில் பணத்தை முடக்கினால்தான் விற்ற கருவியைப் பழுதுபார்க்க முடியும். இந்த இறுக்கம் ஊர்க்கடையின் கழுத்தை எந்த இணையக் கடையையும்விட அதிகமாக நெரிக்கிறது. தேர்ச்சி பெற்ற எந்த மெக்கானிக்கும், எந்த பிராண்டுக்கும், எங்கே வாங்கிய கருவிக்கும் உதிரிபாகம் பெற முடிந்தால், இணையத்தில் விற்கும் ஒவ்வொரு ரெகுலேட்டரும் ஆண்டுதோறும் ஊர்க்கடைக்கு வேலை கொண்டுவரும். இதற்காக ஒரு வரி எழுதக் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. தனக்குச் சரக்குத் தரும் நிறுவனத்தோடு மோத அவர் தயாராக இல்லை. தன்னிடம் வரும் டைவரோடு மோதுவது அவருக்கு எளிதாக இருக்கிறது.

அடுத்த இதழில் அவர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது தன் கடையின் விலைப்பட்டியலையும் சேர்த்து வெளியிடட்டும். ஒரு சிலிண்டர் காற்றுக்கு உண்மையில் ஆகும் செலவு என்ன, வாங்குவது என்ன. கடைசியாகக் காற்றைச் சோதனைக்கு அனுப்பியது எப்போது, முடிவு என்ன வந்தது. ரெகுலேட்டரைச் சோதித்துத் தர எவ்வளவு, அளவு பார்த்துத் தர எவ்வளவு. பயிற்சியாளருக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார். வெளியில் வாங்கிய கருவியை இனிச் சர்வீஸுக்கு எடுப்பாரா, மாட்டாரா. அந்தக் கூலிகள் இன்று வாங்குவதைப் போல இரண்டு மடங்காக இருந்தாலும் கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.